நாற்பத்தேழாம் நம்பரின் ஓட்டம்

டாக்டர் டார்க்வா உட்கார மாட்டார். குமாசி நகரத்தில் அவருடைய அறைக்குப் போகிறவர்களுக்கும் நாற்காலி கிடையாது. நெஞ்சு உயரத்துக்கு ஒரு மேசை. அதன் முன்னால் நின்றபடியே எழுதுவார், நின்றபடியே சாப்பிடுவார், நின்றபடியே திட்டுவார். மனிதர்கள் ஒரு நாளில் எவ்வளவு நேரம் அசைகிறார்கள், எவ்வளவு நேரம் அசையாமல் கிடக்கிறார்கள் என்று அளப்பதுதான் அவர் பிழைப்பு. அப்படிப்பட்டவர் நாற்காலி போட்டு வைத்திருந்தால்தான் அதிசயம்.

திங்கட்கிழமை காலை அந்த மேசைக்கு முன்னால் பிராகோ நின்றுகொண்டிருந்தாள். அவள் அவருடைய ஆராய்ச்சிக்கு வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பவள். எஃபிடுவாசி ஊரில் அறுபது பேர் அவள் பொறுப்பு. ஒவ்வொருவருக்கும் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை இடுப்புப் பட்டையில் கோத்துக் கொடுப்பாள். அவர்கள் அதை ஒரு வாரம் இடுப்பில் கட்டியிருக்க வேண்டும். உடம்பு குலுங்கினால் அது குறித்துக்கொள்ளும், சும்மா இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளும். அதோடு பிராகோ கேள்விகள் கேட்டு ஒரு பாரமும் நிரப்புவாள். பாரம் சொல்வதும் பெட்டி சொல்வதும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும்.

டாக்டர் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"இது என்ன?"

திரையில் சிவப்பாக ஒரு மலைத்தொடர் நின்றது.

"நாற்பத்தேழாம் நம்பர் சார். ஃபுஃபு இடிக்கிற சாப்பாட்டுக் கடையில வேலை பார்க்கிறவங்க. கொனாடுன்னு பேரு. அம்பத்திரண்டு வயசு."

"உன் பாரம் என்ன சொல்லுது? காலையில ஒன்பதுல இருந்து ஒண்ணரை வரைக்கும் உட்கார்ந்து வேலைங்குது. முழங்கால் வலின்னும் நீதான் எழுதியிருக்கே. பெட்டி என்ன சொல்லுது தெரியுமா? அதே நேரத்துல அந்தம்மா ஓடியிருக்காங்க. நடக்கல, ஓடியிருக்காங்க. தினமும் நாலு மணி நேரம், ஆறு நாள். ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு."

பிராகோ திரையை உற்றுப் பார்த்தாள். கோடு ஒரே சீராக, மூச்சு வாங்காமல், கடிகாரம் மாதிரி ஓடியிருந்தது. மனுஷி ஓடினால் நடுவில் நாலு வார்த்தை பேச நிற்க மாட்டாளா?

"போன வருஷம் ஒருத்தன் வந்தான். பன்னிரண்டு பெட்டியையும் சோளம் அரைக்கிற மில்லுல கட்டித் தொங்கவிட்டுட்டு வீட்டுல போய்ப் படுத்துத் தூங்கினான். அவனோட கோடும் இப்படித்தான் இருந்துச்சு. நீ எதுல கட்டினே? ஃபேன்லயா?"

"சார், நான் அவங்க இடுப்புலதான் கட்டினேன்."

"அப்போ நிரூபி. வெள்ளிக்கிழமை நானே எஃபிடுவாசி வர்றேன். இது எப்படி வந்துச்சுன்னு என் கண்ணுக்கு நேரா காட்டு. இல்லேன்னா உன்னோட அறுபது பேர் கணக்கும் குப்பைக்குப் போகும். நீயும் வேற வேலை தேடிக்கலாம்."

வேலை போவது பெரிய விஷயம்தான், இல்லையென்று யார் சொன்னது. ஆனால் பிராகோவுக்கு வயிற்றெரிச்சல் வேறு இடத்தில். ஒன்பது வாரம் செம்மண் தூசியில் அலைந்து, ஒரு கட்டத்தைக்கூட உத்தேசமாக நிரப்பாமல் வந்தவளைப் பார்த்து ஃபேனில் கட்டினாயா என்று கேட்டால் எப்படி இருக்கும்? மில்லில் கட்டிவிட்டுத் தூங்கினவனோடு அவளையும் சேர்த்துவிட்டார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்த வேலை என்ன லேசுப்பட்ட வேலையா! "ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருப்பீர்கள்?" என்று பாரத்தில் ஒரு கேள்வி உண்டு. எஃபிடுவாசியில் ஒருவரும் உட்காருவதே கிடையாது. "உட்காருறதா? எனக்கு நேரம் ஏது?" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டே சொல்வார்கள். சனிக்கிழமை சாவு வீட்டில் காலை முதல் மாலை வரை பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லையே என்றால், "அது துக்கம். அதைப் போய் உட்காருறதுன்னு எழுதுவியா?" என்று சண்டைக்கு வருவார்கள். சர்ச்சில் இருந்த நாலு மணி நேரத்தைப் பற்றிப் பேசவே கூடாது, அது ஆண்டவர் கணக்கு. தையல்காரர் ஒருவர், "நானா உட்கார்ந்தேன்? மெஷின்தான் என்னை உட்கார வெச்சிருக்கு" என்றார். இவர்களிடம் பேச்சுக் கொடுத்து, சிரிக்க வைத்து, கெஞ்சி, ஒவ்வொரு மணி நேரமாகக் கறந்தவள் பிராகோ.

இத்தனை பேரில் கேட்டவுடன் நேராகப் பதில் சொன்னது கொனாடு ஒருத்திதான். "உட்கார்ந்துதான் இருப்பேன். நாலரை மணி நேரம் எழுதிக்கோ" என்றாள். உண்மை சொன்ன ஒரே மனுஷியால்தான் இப்போது தலைவலி.

அன்று மத்தியானமே பிராகோ வண்டி பிடித்து எஃபிடுவாசியில் இறங்கினாள். கொனாடு வேலை பார்க்கிற கடையின் பெயர் 'பொறாமையால் என்ன லாபம்'. கூட்டம் சாப்பிட்டுப் போய்விட்டது. வேலையாட்கள் தங்கள் கிண்ணங்களோடு கொல்லைப்புறம் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தக் கொல்லையில்தான் உரல் இருக்கிறது. மழைக்காலத்தில் சேறாகிவிடுகிறது என்று ஒரு பழைய லாரியின் பின்பக்கத்துப் பலகைக் கதவைக் கழற்றி வந்து தரையில் போட்டிருந்தார்கள். அதன் நடுவே அகலமான உரல். பக்கத்தில் இரண்டு முக்காலி. ஃபுஃபு என்கிற களிக்காக வெந்த மரவள்ளியையும் வாழைக்காயையும் உரலில் போட்டால், இரண்டு ஆட்கள் ஆளுக்கொரு நீள உலக்கையோடு மண் தரையில் எதிரெதிரே நின்று மாறி மாறி இடிப்பார்கள். ஒரு முக்காலியில் உட்கார்ந்து, ஓர் உலக்கை மேலே போய் இன்னோர் உலக்கை கீழே வருவதற்குள் மாவைத் திருப்பிவிட்டுக் கையை எடுத்துக்கொள்வது கொனாடுவின் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அந்த முக்காலியில் அவளைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்ததில்லை.

இடிக்கிறவர்களில் மூத்தவன் அம்போன்சா. கொடிக்கம்பம் மாதிரி உடம்பு, வாய் மட்டும் ஊர் அளவு. கொனாடுவுக்கு அவன் வைத்த பெயர் மகாராணி. "நாங்க நின்னு சாகிறோம், மகாராணி சிம்மாசனத்துல உட்கார்ந்து மாவைத் தடவிக் குடுக்குறாங்க" என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லாவிட்டால் அவனுக்கு உலக்கை தூக்க வராது. கடையின் வழக்கமும் அவன் பக்கம்தான். வேலை முடிந்து வேலையாட்கள் சாப்பிடும்போது ஆட்டுத் தொடை, இடிக்கிறவர்களுக்கு. உட்கார்ந்திருந்தவளுக்கு விலாவும் எலும்பும். முதலாளியம்மா அகப்பையைக் கையில் எடுத்தாலே அது தானாக அப்படித்தான் போகும்.

"வா பொண்ணே," என்றாள் கொனாடு. "தீப்பெட்டி என்னைப் பத்தி என்ன சொல்லிச்சு?"

பிராகோ பொறுமையாக விசாரித்திருக்க வேண்டும். ஆனால் வெயிலும் வண்டி நெரிசலும் டாக்டரின் பேச்சும் சேர்ந்து அவளைப் பாடாய்ப் படுத்தியிருந்தன.

"நீங்க தினமும் நாலு மணி நேரம் ஓடினீங்கன்னு சொல்லுது ஆன்ட்டி."

கொல்லையில் மெல்லுகிற சத்தம் நின்றது.

"யாரு, நானா?"

"நீங்கதான். அறுபது பேர்ல உங்க அளவுக்கு ஓடினவங்க யாருமே இல்லையாம்."

கொனாடு சிரிக்கவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்தாள். கையைக் கழுவித் துணியில் துடைத்தாள். பிறகு மெதுவாக அம்போன்சா பக்கம் திரும்பினாள்.

"கேட்டியாடா? குமாசியில படிச்சவங்க மெஷின் வெச்சுச் சொல்றாங்க. நான் ஓடுறேனாம்."

"மெஷின் கெட்டுப் போயிருக்கும்" என்றான் அம்போன்சா.

"உன் வாய் கெட்டுப் போயிருக்கு. முதலாளியம்மா, இங்கே கொஞ்சம் வாங்க. நாளையில இருந்து தொடைக்கறி யாருக்குன்னு பேசணும்."

நாளை வரைக்கும் எதற்கு? முதலாளியம்மாவுக்குப் படிப்பின் மேல் பெரிய மரியாதை. குமாசி என்றும் மெஷின் என்றும் காதில் விழுந்ததும், அம்போன்சாவின் கிண்ணத்தில் இன்னும் கடிபடாமல் கிடந்த தொடையை எடுத்துக் கொனாடுவின் கிண்ணத்தில் போட்டுவிட்டாள். வாயைக் கொடுத்து என்ன காரியம் செய்துவிட்டோம் என்று பிராகோவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் அவள் தலைபோகிற வேலை அதுவல்ல. பெட்டியை வேறு யாரிடமாவது கொடுத்தாயா, கழற்றி எங்கேயாவது மாட்டினாயா என்று கொனாடுவைக் குடைந்தாள். இடுப்பை விட்டு இறக்கவே இல்லை, குளிக்கும்போது மட்டும் தலையணைக்கு அடியில் வைத்தேன் என்று சத்தியம் செய்தாள் கொனாடு. அவள் பொய் சொல்கிறவள் இல்லை.

அப்படியானால் கண்ணால் பார்த்துவிட வேண்டியதுதான். செவ்வாய்க்கிழமை காலையில் வந்து பிராகோ மறுபடி கொனாடுவுக்கு ஒரு பெட்டி கட்டினாள். ஒப்பிட்டுப் பார்க்க அம்போன்சாவுக்கும் ஒன்று. காலை முழுவதும் ஓர் ஓரத்தில் நின்று கண் கொட்டாமல் கவனித்தாள். கொனாடு எழுந்திருக்கவே இல்லை. வேலை முடிந்ததும் பெட்டிகளைக் கழற்றித் தன் மடிக்கணினியில் மாட்டினாள். கொனாடு ஓடியிருந்தாள். மூன்று மணி ஐம்பது நிமிஷம். அம்போன்சாவின் கோடு மண்தரையில் புல் முளைத்த மாதிரி குட்டையாகக் கிடந்தது.

"எனக்கு என்ன போட்டிருக்கு?" என்று எட்டிப் பார்த்தான் அவன்.

பிராகோ பொய் சொல்லத் தெரியாதவள். "நின்னுக்கிட்டு இருந்தீங்களாம் அண்ணே. லேசா ஆடினீங்களாம்."

"ஆடினேனா?"

பாவம், அவன் சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி தண்ணீர் வரும். இடிக்கிறவனுக்கு அசைவதெல்லாம் கையும் தோளும். பெட்டியோ இடுப்பில் இருக்கிறது. அதற்குத் தோளைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் அதைக் கேட்க யாருக்குப் பொறுமை இருந்தது? கொனாடு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சாயங்காலத்துக்குள் செய்தி சந்தை முழுக்கப் போய்விட்டது. புதன்கிழமை காலையில் தக்காளி விற்கிறவர்கள் அவளை "ஓட்டக்காரி" என்று கூப்பிட்டார்கள். அவளும் பச்சையும் மஞ்சளுமாக ஞாயிற்றுக்கிழமைத் துணியை உடுத்தி வேலைக்கு வந்தாள். இருபத்திரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டு மகாராணிப் பட்டம் சுமந்தவளுக்கு, யாரோ வந்து அந்தச் சுமையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

பிராகோவுக்குத் தூக்கம் போய்விட்டது. இதைத்தானே டாக்டரும் திரையில் காட்டினார்? உட்கார்ந்திருப்பவள் எப்படி ஓடுவாள்?

புதன்கிழமை மத்தியானம் முதலாளியம்மா அவளுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தாள். நிலக்கடலைக் குழம்பு. கால் கடுத்துப் போயிருந்ததால், காலியாகக் கிடந்த இரண்டாவது முக்காலியில், பலகை மேல், கொனாடுவுக்குப் பக்கத்திலேயே பிராகோ உட்கார்ந்தாள். கடைசி உரல் மாவு இடிபட்டுக்கொண்டிருந்தது. கிண்ணத்தை மடியில் வைத்து ஃபுஃபுவைக் கிள்ளப் போனவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

குழம்பு நடுங்கியது. தொம் என்று ஓர் இடி, குழம்பில் ஒரு வளையம். தொம், இன்னொரு வளையம். கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். வளையம் நிற்கவில்லை. அப்புறம்தான் தன் உடம்பைக் கவனித்தாள். இடி உரலில் விழுந்து, உரலிலிருந்து பலகைக்கு வந்து, பலகையிலிருந்து முக்காலிக்கு ஏறி, அவள் இடுப்பைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது.

கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தாள். எழுந்து, தான் உட்கார்ந்திருந்த முக்காலியின் காலில் அதைக் கட்டினாள்.

"அதுக்குமா?" என்று கேட்டாள் கொனாடு, மாவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சும்மா ஆன்ட்டி."

வியாழக்கிழமை காலையில் அதே முக்காலியைப் பலகை மேல் இரண்டு மணி நேரம் வைத்தாள். பிறகு இறக்கி மண்ணில் இரண்டு மணி நேரம் வைத்தாள். கணினியில் மாட்டிப் பார்த்தால், பலகை மேல் இருந்த வரைக்கும் முக்காலி ஒரு நிமிஷம் நிற்காமல் ஓடியிருந்தது. மண்ணில் இறங்கியதும் செத்துப்போயிருந்தது.

பிராகோவுக்கு அப்படியே எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது. பிழைத்துவிட்டாள். அவளை இனி ஒருவரும் பொய்க்காரி என்று சொல்ல முடியாது. நிமிர்ந்து பார்த்தாள். எதிரே கொனாடு தன் கிண்ணத்துத் தொடைக்கறியை, ஊரெல்லாம் பார்க்கட்டும் என்பது போல நிதானமாகக் கடித்துக்கொண்டிருந்தாள். பிராகோவின் சந்தோஷத்தில் மண் விழுந்தது. தான் பிழைக்க வேண்டுமென்றால் இவளை மறுபடி உட்கார வைக்க வேண்டும், அதுவும் அம்போன்சா முன்னால்.

வெள்ளிக்கிழமை டாக்டர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே பிராகோ வந்துவிட்டாள். கொனாடு தனியாக உரலைக் கழுவிக்கொண்டிருந்தாள். நல்ல வேளை, மற்றவர்கள் இன்னும் வரவில்லை.

"ஆன்ட்டி, ஓடினது நீங்க இல்ல."

"பின்னே யாரு?"

"முக்காலி."

பிராகோ குழம்பு நடுங்கியதிலிருந்து நிமிஷத்துக்கு நூறு இடி விழுவது வரை எல்லாவற்றையும் சொன்னாள். கொனாடு உரலின் உள்ளே கையை ஓட்டித் தேய்த்துக்கொண்டே கேட்டாள். தேய்த்த இடத்தையே மறுபடி மறுபடி தேய்த்தாள்.

"அப்போ நான் உட்கார்ந்துதான் இருந்திருக்கேன்."

"ஆமா ஆன்ட்டி."

"நாலு நாள் தொடைக்கறி தின்னுட்டேன். அதைத் திருப்பிக் குடுக்க முடியாது." சிரிப்பதற்குத்தான் சொன்னாள், ஆனால் குரல் ஒத்துழைக்கவில்லை. "சொல்லாம விட்டா என்ன ஆகும்?"

"நான் பெட்டியை எதுலயோ கட்டிட்டுப் பொய் சொல்றேன்னு வேலையை விட்டு அனுப்பிடுவாரு. அறுபது பேர் கணக்கையும் தூக்கிப் போட்டுடுவாரு."

கொனாடு தண்ணீரைச் சாய்த்துக் கொட்டினாள்.

"நீ போய் எல்லார் முன்னாடியும் சொல்லு. நான் ஓடணும்னு நீ ஏன் கெட்ட பேர் வாங்கணும்? உட்கார்ந்திருக்கேன்னு அன்னிக்கு நானே என் வாயால எழுதச் சொன்னவதானே."

பிராகோ உரலை நிமிர்த்தக் கை கொடுத்தாள். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

டாக்டர் பத்து மணிக்கு வந்தார். இடிப்பு ஆரம்பமாகியிருந்தது. பிராகோ முக்காலியின் கோட்டைக் காட்டினாள், பலகையைக் காட்டினாள், மண்ணைக் காட்டினாள். டாக்டர் மோவாயைச் சொறிந்தார். நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை.

"நீங்களே உட்கார்ந்து பாருங்க சார்," என்றாள் பிராகோ. அவர் உட்காராதவர் என்பது சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஆராய்ச்சிக்காரர் ஆயிற்றே. பலகை மேலிருந்த இரண்டாவது முக்காலியில் உட்கார்ந்தார், கைகளை இரண்டு முழங்கால்களிலும் வைத்துக்கொண்டு. அவர் மணிக்கட்டில் நடக்கிற நடையை எண்ணுகிற கடிகாரம் ஒன்று உண்டு. அவர் பெருமைகளில் அதுவும் ஒன்று. தொம், தொம், தொம். பத்து நிமிஷம் போயிருக்கும். கடிகாரம் கிணிங் என்று மணி அடித்தது. இன்றைய நடையை முடித்துவிட்டீர்கள், வாழ்த்துகள் என்று அதில் எழுத்து ஓடியது.

கொல்லை முழுக்கச் சிரித்தது. டாக்டரும் சிரித்தார். "பிராகோ, உன் கணக்கு சரி. ஃபேன்னு சொன்னதுக்கு மன்னிச்சுக்கோ," என்றார். வாரம் முழுக்க அவள் காத்துக் கிடந்த வார்த்தை அது. ஆனால் கேட்டபோது அது பாதிதான் இனித்தது.

டாக்டர் பாரத்தை வாங்கி மடியில் வைத்துப் பேனாவைத் திறந்தார்.

"அப்போ நாற்பத்தேழாம் நம்பர் ஓடல. சும்மா உட்கார்ந்திருந்தாங்கன்னும் சொல்ல முடியாது, கை அசையுதே. 'உட்கார்ந்தபடி லேசான வேலை'. அந்தக் கட்டம்தான் சரி."

"லேசான வேலை!" அம்போன்சா உலக்கையை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்தான். "நான் அன்னிக்கே சொன்னேன். மகாராணிக்கு லேசான வேலை. முதலாளியம்மா, இன்னிக்குத் தொடை இந்தப் பக்கம்."

உட்கார்ந்திருந்தாள் என்பதைக் கொனாடு பொறுத்துக்கொண்டாள். லேசு என்றதைப் பொறுக்க முடியவில்லை. கையை நீரில் அலசிவிட்டு எழுந்தாள். முழங்கால் மளுக்கென்றது.

"அம்போன்சா, உலக்கையை இங்கே குடு. நீ வந்து உட்காரு."

"நான் இடிக்கிறவன்."

"நானும் இன்னிக்கு இடிக்கிறேன். மகாராணி கொஞ்ச நேரம் நின்னு பார்க்கட்டும். உனக்கு லேசான வேலைதானே, செஞ்சுட்டுப் போயேன்."

எல்லாரும் பார்க்கிறார்களே என்று அவன் இளித்துக்கொண்டே உட்கார்ந்தான். நீண்ட கால்களை மடக்க இடம் போதவில்லை. கொனாடு உலக்கையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினாள். இருபத்திரண்டு வருஷம் மாவு பிசைந்த தோள். தொம் என்று இறங்கியபோது முக்காலி துள்ளியது. அம்போன்சா பாதி நீட்டியிருந்த கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"திருப்பு."

"திருப்புறேன், திருப்புறேன்."

தொம். கை வரவில்லை. மூன்றாவது இடிக்கு மாவு உலக்கையோடு ஒட்டிக்கொண்டு மேலே போனது. அவன் கைகள் இரண்டும் கக்கத்துக்குள் ஒளிந்திருந்தன.

"கொஞ்சம் மெதுவா இடி," என்றான்.

"நீ என்னிக்காவது எனக்கு மெதுவா இடிச்சியா?"

அவன் முகத்தில் இருந்த இளிப்பு வழிந்து போய்விட்டது. எதிரே நின்ற அவன் கூட்டாளியை, நீ உட்காருகிறாயா என்பது போலக் கொனாடு பார்த்தாள்; அவன் மெல்ல இரண்டடி பின்னால் போனான். அம்போன்சா முக்காலியை விட்டு எழுந்து இடம் விட்டான்.

"நீங்களே உட்காருங்க ஆன்ட்டி. எனக்கு இது வராது."

ஆன்ட்டி! பதினோரு வருஷமாக அவன் அங்கே இடிக்கிறான், அந்த வார்த்தை அவன் வாயில் வந்தது அன்றைக்குத்தான்.

கொனாடு உட்கார்ந்தாள். உடனே வேலையைத் தொடங்கவில்லை. பக்கத்து முக்காலியில் பேனாவோடு இருந்த டாக்டருக்கு நேராக ஈரக் கைகள் இரண்டையும் விரித்து நீட்டினாள்.

"எண்ணுங்க."

டாக்டர் புரியாமல் பார்த்தார்.

"எண்ணுறதுதானே உங்க வேலை? எண்ணுங்க."

டாக்டர் எண்ணினார். உதடு அசைய, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எண்ணினார். "பத்து."

"நகம்?"

"அதுவும் பத்து."

"நிமிஷத்துக்கு நூறு இடி விழுதுன்னு இந்தப் பொண்ணு சொல்றா. தினமும் நாலு மணி நேரம். இருபத்திரண்டு வருஷம். நீங்க கணக்குல கெட்டிக்காரர், பெருக்கிக்கங்க. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என் மனசு வேற எங்கேயாவது போயிருந்தா, ஒன்பதுன்னு எண்ணியிருப்பீங்க." கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நான் ஓடல. உட்கார்ந்துதான் இருக்கேன். ஆனா லேசுன்னு மட்டும் எழுதாதீங்க."

டாக்டர் பாரத்தின் மேல் விரலை ஓட்டினார். ஓட்டம், நடை, நிற்பது, உட்காருவது என்று வரிசையாகக் கட்டங்கள். அவரே வருஷக்கணக்கில் யோசித்துப் போட்ட கட்டங்கள்தான்.

"இதுக்கு என்கிட்ட கட்டம் இல்லையே," என்றார்.

"கடைசிப் பக்கத்துல குறிப்புன்னு ஒரு வரி இருக்கு சார்," என்றாள் பிராகோ.

"இத்தனை பாரத்துல அதுல யாரும் எதுவும் எழுதி நான் பார்த்ததில்ல."

"நான் எழுதட்டுமா?"

அவர் பேனாவைக் கொடுத்தார். பிராகோ முழங்காலில் பாரத்தை வைத்து எழுதினாள்: 'பலகை அதிர்வால் கருவியின் கணக்கு செல்லாது. அமர்ந்தபடி, விழும் உலக்கைக்குக் கீழே கை வைத்து வேலை. இருபத்திரண்டு ஆண்டுகள். விரல்கள் பத்து.'

டாக்டர் படித்தார். ஒரு சொல்லையும் அடிக்கவில்லை. உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டார்.

அம்போன்சா தன் உலக்கையைத் தூக்கினான். தூக்கினவன் இறக்காமல் நின்றான்.

"ஆன்ட்டி, இடிக்கட்டுமா?"

"இடிடா. வெளியில ஜனங்க பசியோட இருக்காங்க."

அன்று மத்தியானம் முதலாளியம்மா அகப்பையில் ஆட்டுத் தொடையோடு கிண்ணங்களுக்கு நடுவே திகைத்து நின்றாள். ஓடினவளுக்குப் போடுவதா, நின்றவனுக்குப் போடுவதா என்று அவளுக்குக் குழப்பம். அம்போன்சா தன் கிண்ணத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, கொனாடு பக்கம் தலையை ஆட்டினான்.